லேக்கை யார் தலையில் கட்டுவது?

எங்கள் வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் சர்வர் போட்டு, வகுப்பில் எட்டு பேர் சேர்ந்து விளையாடி வருகிறோம். இரவு ஒன்பது மணி ஆனால் போதும், எல்லாம் திக்க ஆரம்பிக்கும். உடைத்த கல் மறுபடி முளைக்கும். நடந்து போனவன் நாலடி பின்னால் போய் நிற்பான். உடனே பஞ்சாயத்து. "ரேம் பத்தாதுடா" என்பது முதல் கட்சி. "உங்க வீட்டு நெட்டு சரியில்ல" என்பது இரண்டாவது கட்சி. மூன்றாவது கட்சிதான் பெரிய கட்சி: "அவன் மொபைல் ஹாட்ஸ்பாட்ல வர்றான்ல, அவனாலதான் எல்லாருக்கும் லேக்."

அந்த "அவன்" வீட்டுப் பக்கம் இன்னும் பிராட்பேண்ட் வரவில்லை. மொட்டை மாடியில் கைபேசியை வைத்துவிட்டுக் கீழே வந்து விளையாடுபவன். போன வாரம் அவனை விலக்கிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அவனும் "சரி, நான் வரலடா" என்று சொல்லிவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. மெதுவான இணைப்பில் வரும் ஒருவன் மற்ற ஏழு பேரையும் இழுத்துப் பிடிக்க முடியுமா? தேடிப் படித்ததில் தெரிந்தது இது: முடியும், ஆனால் அது 1993-ம் வருடத்துக் கதை. நம் மக்கள் முப்பது வருடம் பழைய ஒரு குற்றச்சாட்டை இன்றைக்கும் சுமந்துகொண்டு திரிகிறார்கள்!

முதலில் அளவுகோல். தாமதத்தைச் சொல்ல நாம் எல்லோரும் பயன்படுத்தும் "பிங்" என்ற சொல்லுக்கும் விளையாட்டுக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே கிடையாது. மைக் மியூஸ் என்பவர் அமெரிக்கத் தரைப்படையின் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவர். 1983 டிசம்பரில் நெட்வொர்க் ஏதோ கோளாறு செய்ய, அதைக் கண்டுபிடிக்க ஒரே இரவில் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் அல்லவா, அந்த சோனார் சத்தத்தின் பெயரையே வைத்தார். போய்த் திரும்பும் நேரம், மில்லிவிநாடியில். அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்துப் பிற்காலத்தில் பையன்கள் நட்பை முறித்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இப்போது டூம். 1993 டிசம்பர் 10 அன்று வந்தது. நான்கு பேர் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்து ஆடலாம். இதில் சர்வர் என்று ஒன்றே கிடையாது. நான்கு பொட்டிகளிலும் அதே விளையாட்டு தனித்தனியாக ஓடும். விளையாட்டின் நேரம் விநாடிக்கு 35 துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் "நான் இந்தப் பொத்தானை அழுத்தினேன்" என்ற சின்னத் தகவலை மட்டும் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புவார்கள். நாலு பேருடைய தகவலும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த துண்டுக்கு நகரும். ஒருவருடையது வரவில்லையா? மூன்று பேரும் சிலை மாதிரி நிற்க வேண்டியதுதான். தேர்ச் சக்கரம் ஒன்று சிக்கினால் தேரே நிற்கிற கதை.

ஆக, "அவனாலதான் எல்லாருக்கும் லேக்" என்ற வசனம் டூமில் நூற்றுக்கு நூறு உண்மை.

டூமுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முதல் பதிப்பு தன் தகவல்களை பிராட்காஸ்ட் முறையில் அனுப்பியது. அதாவது விளையாடாத பொட்டிகளுக்கும் சேர்த்து, தெரு முழுக்க மைக் கட்டிக் கத்துகிற மாதிரி. கல்லூரி நெட்வொர்க்குகள் மூச்சுத் திணறின. பல இடங்களில் டூமுக்குத் தடை போட்டார்கள், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உட்பட. அடுத்தடுத்த பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள். லேக்கினால் விளையாட்டு பாதிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறோம். விளையாட்டினால் கல்லூரிக்கே லேக் வந்த கதை இது :-)

இதே "எல்லோரும் காத்திரு" முறையை அழகாகச் சமாளித்தது 1997-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். நூற்றுக்கணக்கான வீரர்களின் இடத்தை எல்லாம் 28.8 மோடத்தில் அனுப்ப முடியாது. அதனால் அவர்களும் கட்டளையை மட்டும்தான் அனுப்பினார்கள். ஆனால் நீங்கள் இப்போது கொடுக்கும் கட்டளை இரண்டு சுற்று தள்ளித்தான் நிறைவேறும். அந்த இடைவெளிக்குள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இதை எழுதிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-ல் ஒரு கட்டுரையில் சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த வகை ஆட்டத்தில் கால் விநாடி தாமதத்தை ஆடுபவர்கள் கவனிப்பதே இல்லையாம். அரை விநாடி வரைகூடச் சமாளிப்பார்களாம். ஆனால் ஒரு முறை சீக்கிரம், ஒரு முறை தாமதம் என்று மாறி மாறி வந்தால்தான் கடுப்பாவார்களாம். சீரான தாமதம் மேல், ஏறி இறங்கும் தாமதம் மோசம். பேருந்து எப்போதும் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பழகிவிடுகிறோம் இல்லையா, அதே.

சரி, குவேக்குக்கு வருவோம். கதை திரும்புகிற இடம் இதுதான்.

1996 ஜூனில் குவேக் வந்தது. இதில் ஒரு சர்வர், மற்றவர்கள் எல்லாம் கிளையண்ட். உண்மை சர்வரில் மட்டுமே இருக்கும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். மெதுவாக வருபவனின் தகவல் வராவிட்டால் சர்வர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். தேர் போய் தனித்தனி சைக்கிள் வந்தாயிற்று. கஷ்டம் மெதுவானவனுக்கு மட்டும்.

ஆனால் அந்தக் கஷ்டம் கொஞ்சநஞ்சம் அல்ல. நீங்கள் முன்னே போகும் பொத்தானை அழுத்தினால், அது சர்வருக்குப் போய், சர்வர் உங்களை நகர்த்தி, பதில் திரும்பி வந்த பிறகுதான் உங்கள் திரையில் நகர்வீர்கள். அலுவலக நெட்வொர்க்கில் இது தெரியாது. மோடத்தில் 300 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். சேற்றில் நடப்பது மாதிரி இருந்திருக்கும்.

இதை எழுதிய ஜான் கார்மாக் அதே 1996 ஆகஸ்டில் தன் பணிக்குறிப்பில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: தான் எடுத்த முடிவு தவறு, அடிப்படை அனுமானமே தவறு என்று. காரணமும் சொன்னார். அவர் வீட்டுக்கே டி1 இணைப்பு இருந்தது. அந்தக் காலத்தில் நிறுவனங்கள் வைத்திருக்கும் இணைப்பு அது. அதனால் மோடத்தில் வருபவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. உலகத்தில் பெரும்பாலோர் மோடத்தில்தான் வருகிறார்கள் என்றும் அதே குறிப்பில் எழுதினார். அவ்வளவு பெரிய ஆள் இப்படிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு எங்கள் மூன்றாவது கட்சி ஞாபகம் வந்தது. நல்ல இணைப்பு வைத்திருப்பவனுக்கு அடுத்தவன் இணைப்பு புரிவதே இல்லை.

ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. 1996 டிசம்பரில் குவேக்வேர்ல்டு வந்தது. அதில் நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் பொட்டியே "சர்வர் அநேகமாக இப்படித்தான் சொல்லும்" என்று ஊகித்து உங்களை உடனே நகர்த்திவிடும். பிறகு சர்வரின் பதில் வரும்போது ஒத்துப்பார்க்கும். சரியாக இருந்தால் நல்லது. தவறாக இருந்தால் உங்களை இழுத்துச் சரியான இடத்தில் வைக்கும். (இந்த ஊக வித்தையை அதே ஆண்டு ஜனவரியில் வந்த டியூக் நியூகம் 3டியும் செய்தது. பேர் வாங்கியது குவேக்வேர்ல்டு.) மைன்கிராஃப்டில் உடைத்த கல் முளைப்பதும், நாலடி பின்னால் போவதும் இதே வித்தையின் மறுபக்கம். உங்கள் பொட்டி "உடைந்துவிட்டது" என்று முன்கூட்டியே காட்டிவிட்டது. சர்வர் "இல்லையே" என்கிறது. 2012-ல் வந்த 1.3 பதிப்பிலிருந்து தனியாக ஆடினாலும் உள்ளுக்குள் ஒரு சர்வர் ஓடுகிறது. அதனால்தான் யாருமே இல்லாமல் தனியாக ஆடும்போதும் சில சமயம் கல் முளைக்கிறது!

அதே 1996-ல் ஸ்டூவர்ட் செஷயர் என்பவரும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆப்பிள் மேக்கில் போலோ என்ற பீரங்கி வண்டி விளையாட்டை எழுதியவர் இவர். அவர் கணக்கு எளிது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டனுக்கு 4320 கிலோமீட்டர். போய்வர 43 மில்லிவிநாடி. அன்றைக்கு உண்மையில் ஆனது 85. ஆக, கம்பியை எவ்வளவு தடிமனாக்கினாலும் 43-க்குக் கீழே போக முடியாது. ஆனால் வீட்டு மோடம் மட்டுமே 100 மில்லிவிநாடியை விழுங்கிக்கொண்டிருந்தது. அகலம் வேறு, தாமதம் வேறு. "எங்க வீட்ல 200 எம்பிபிஎஸ்" என்று பீற்றிக்கொள்பவர்கள் கவனிக்க.

நடையைச் சரிசெய்தாயிற்று. துப்பாக்கி? ஊக முறையில் உங்கள் நடை மட்டும்தான் உடனடி. எதிரி நிற்கும் இடம் பழையதுதான். கவுண்டர் ஸ்ட்ரைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியோடு ஓடுபவன் விநாடிக்கு 250 அலகு போவான். ஒருவனின் அகலம் 32 அலகு. உங்கள் பிங் 150, அசைவைச் சீராகக் காட்டுவதற்காக ஆட்டமே வைத்துக்கொள்ளும் இடைவெளி 100. மொத்தம் கால் விநாடி. அதற்குள் எதிரி 62 அலகு, கிட்டத்தட்ட இரண்டு ஆள் அகலம், நகர்ந்திருப்பான். ஆகவே ஆளைப் பார்த்துச் சுடாமல், அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி வெற்றிடத்தைப் பார்த்துச் சுட வேண்டும்!

வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-ல் விளக்கிய தீர்வு இது: எல்லோரும் சற்று முன் எங்கே இருந்தார்கள் என்பதைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் சுட்ட தகவல் வந்ததும், நீங்கள் சுட்டபோது உங்கள் திரையில் என்ன தெரிந்ததோ அந்த நேரத்துக்கு எல்லோரையும் பின்னோக்கி நகர்த்தி, குண்டு பட்டதா என்று பார்த்து, மறுபடி இன்றைக்கு வரும். மோடக்காரனுக்கும் குறி வைக்க முடிந்தது. ஆனால் சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்த பிறகும் செத்து விழுவது ஆரம்பமானது. அது சுட்டவனின் நேரத்தில் நடந்த மரணம். பெர்னியருக்கு இது தெரிந்தே இருந்தது, கட்டுரையிலேயே சொல்கிறார். சுடுபவன் பக்கம் நிற்பது என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. தாமதத்தை யாராலும் அழிக்க முடியவில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றினார்கள். எனக்கு இந்த முடிவு சரியென்றே படுகிறது. சுவருக்குப் பின்னால் செத்தவன் எப்போதாவது கத்துவான். குறியே வைக்க முடியாதவன் ஆட்டத்தை விட்டே போய்விடுவான்.

இதுவரை கம்பியைப் பற்றி. சர்வர் பொட்டியே திணறுவது வேறு வகை. இங்கே ஒரு வேடிக்கை. 2000-களில் வீட்டிலேயே ஹாஃப் லைஃப் சர்வர் ஓட்டியவர்கள் மத்தியில் ஒரு வைத்தியம் பரவியிருந்தது: சர்வர் பொட்டியில் விண்டோஸ் மீடியா பிளேயரைத் திறந்து வைத்தால் சர்வர் வேகமாகும் என்று. கேட்டால் பேய் ஓட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் உண்மை! விண்டோஸின் கடிகாரம் சாதாரணமாக 15.6 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் அடிக்கும், அதாவது விநாடிக்கு 64 முறை. சர்வர் கண்ணயர்ந்து எழுவதும் அந்தத் தாளத்தில்தான். மீடியா பிளேயர் திறந்தால் அது 1 மில்லிவிநாடி தாளம் கேட்கும். அப்போதெல்லாம் ஒரு நிரல் கேட்டால் பொட்டி முழுக்க அந்தத் தாளத்துக்கு மாறும். பாட்டே போடாமல் பிளேயரைத் திறந்து வைத்துப் பயன் அடைந்தார்கள். 2020-ல் விண்டோஸ் 10-ன் ஒரு பதிப்பில் இதை மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு இந்த வைத்தியத்தை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லினக்ஸ்காரர்களுக்கும் இதே கதை உண்டு. 2.4 கர்னலில் கடிகாரம் விநாடிக்கு 100 முறை, 2003 கடைசியில் வந்த 2.6-ல் 1000, 2005-ல் 250 என்று ஆனது. கர்னலையே மறுபடி தொகுத்துச் சர்வர் ஓட்டிய புண்ணியவான்கள் இருந்தார்கள்.

மைன்கிராஃப்டில் சர்வரின் இதயத்துடிப்பு விநாடிக்கு 20. ஒரு துடிப்புக்கு 50 மில்லிவிநாடி. ஆடு, மாடு, சாம்பி, ரெட்ஸ்டோன், ஹாப்பர் எல்லாவற்றையும் அதற்குள் கணக்குப் பார்த்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் துடிப்பு தள்ளிப்போகும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உலகமே மெதுவாகும். இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கினால் "தாக்குப்பிடிக்க முடியவில்லை, சர்வருக்குச் சுமை அதிகமா?" என்று கன்சோலில் புலம்பும். இந்த வேலையில் பெரும்பகுதி ஒரே இழையில் ஓடுகிறது. எட்டு கோர் இருந்தாலும் ஒரு கோரின் வேகம்தான் கணக்கு. ரேம் குறைந்தால் ஜாவா குப்பை பொறுக்குவதற்கு அடிக்கடி நிறுத்தும். போதுமான அளவு இருந்துவிட்டால் அதற்கு மேல் கொட்டிப் பயனில்லை.

இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2023 டிசம்பரில் வந்த 1.20.3-லிருந்து "டிக் கொயரி" என்று கட்டளை கொடுத்தால் ஒரு துடிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சர்வரே சொல்லும். ஒன்பது மணித் திணறலின் நடுவில் கொடுத்துப் பார்த்தேன். 18 மில்லிவிநாடி! 50 வரை இடம் இருக்கிறது. முதல் கட்சி அவுட். ஹாட்ஸ்பாட் நண்பன் அன்று வரவே இல்லை, லேக் மட்டும் தவறாமல் வந்திருந்தது. மூன்றாவது கட்சியும் அவுட்.

மிச்சம் இருப்பது எங்கள் வீடு. சர்வர் லேப்டாப்பிலிருந்து வெளியே பிங் அடித்தேன். மாலை ஏழு மணிக்கு 24. ஒன்பதேகாலுக்கு 900-க்கு மேல். இந்த வியாதிக்குப் பெயர் இருக்கிறது. எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் 2010-ல் தன் வீட்டில் இதையே கண்டார். வீட்டில் உள்ளவர்கள் நெட்டு மெதுவாக இருக்கிறது என்பார்களாம். அவர் தன் வேலையை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தால் சரியாக இருக்குமாம். பல முறை இப்படி ஆன பிறகுதான் புரிந்தது, அவர் நிறுத்திவிட்டு வந்த அந்த ஃபைல் அனுப்பும் வேலையேதான் காரணம் என்று. ரூட்டரிலும் மோடத்திலும் நினைவகம் மலிவானதால் பெரிய பெரிய தொட்டிகளை வைத்துவிட்டார்கள். ஒரு பெரிய அப்லோட் அந்தத் தொட்டியை நிரப்பிவிடும். பின்னால் வரும் சின்னத் தகவல் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மெகாபைட் தொட்டி, 8 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் தொட்டி காலியாகவே ஒரு விநாடி. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் கோடெல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, அதிகமானால் சிலவற்றைத் தூக்கி எறிந்து அனுப்புபவரை மெதுவாக்கும் முறை. அதே வருடம் லினக்ஸ் கர்னலிலும் சேர்ந்தது.

வீட்டில் சர்வர் வைப்பவனுக்கு இது இரட்டை அடி. ஆடுபவனுக்கு வருவதுதான் முக்கியம். நமக்கோ ஏழு பேருக்கும் அனுப்புவது எல்லாமே அப்லோட். ஆகவே எங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் ஏழு பேருக்கும் லேக்.

தொட்டியை நிரப்பியது யார் தெரியுமா? என் அக்கா. ஒன்பது மணி வாக்கில் வேலையிலிருந்து வந்து கைபேசியை சார்ஜில் போடுவாள். வைஃபை கிடைத்ததும் அது அன்றைய வீடியோக்களை எல்லாம் மேலே ஏற்ற ஆரம்பிக்கும். சித்தப்பா மகள் கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகியும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ரூட்டரில் கோடெல் இல்லை. கைபேசியில் பேக்கப்பை நிறுத்திவிட்டு, காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது ஓடவிடுவதாக ஒப்பந்தம். (பதிலுக்கு ஒரு மாதம் அவளுடைய ஸ்கூட்டிக்கு நான்தான் பெட்ரோல் போட்டு வர வேண்டும்.) அன்று இரவு ஒன்பதரைக்கு பிங் 26.

ஹாட்ஸ்பாட் நண்பனைத் திரும்பக் கூப்பிட்டேன். வந்தான். அவனுக்கு இன்னும் லேக் இருக்கிறது, பொய் சொல்வானேன். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு டிசிபியில் ஓடுவதால், காற்றில் ஒரு தகவல் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் காத்திருக்கும். அவன் திரை உறைந்து நின்று, பிறகு எல்லாம் வேகமாக ஓடும். ஆனால் அது அவனுக்கு மட்டும். சண்டைக்கு வர மாட்டான், சுரங்கத்தில் ரயில் பாதை போடுகிறான். இரண்டாவது கட்சி மட்டும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிகிறது.